கற்றாழை நாரில் 10 மீட்டர் மூன்றுபுரிக் கயிறு

சேலத்துக் காட்டு வரப்புகளிலும் ஏற்காட்டு அடிவாரத்திலும் வேலியாக நிற்கும் கற்றாழையில் முக்கியமானவை இரண்டு வகை. மடலின் ஓரமெல்லாம் கொக்கிமுள் இருந்தால் ஆனைக்கற்றாழை. ஓரத்தில் முள் இல்லாமல் நுனியில் மட்டும் ஊசி நீட்டி நின்றால் சிசல். இரண்டிலும் நார் உண்டு, ஆனால் சீவுவதற்குச் சிசல்தான் லேசு. சோற்றுக்கற்றாழையைத் தொடவே வேண்டாம், அதில் கயிற்றுக்கு ஆகிற நார் கிடையாது.

பச்சை மடலின் எடையில் நார் 3 முதல் 4 சதவீதம்தான். விரல் பருமன்கூட வராத 6 மில்லிமீட்டர் கயிறு 10 மீட்டர் வேண்டுமானால் சுமார் 10 கிலோ மடல் அறுக்க வேண்டும். அடிவரிசையில் சாய்ந்து கிடக்கும் முற்றிய மடல்களை மட்டும் எடுங்கள். நடுக்குருத்தை ஒட்டியவை இளசு, அவற்றின் நார் இழுத்தால் அறும். நுனிமுள்ளை முதலில் வெட்டிவிடுங்கள். சாறு தோலில் பட்டால் கடுமையாக அரிக்கும், அதனால் கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம்.

அறுத்த அன்றே சீவிவிட வேண்டும். மடலை இரண்டு விரல் அகலத்துக்கு நீளவாக்கில் கிழித்து, தடித்த அடிப்பக்கத்தை மட்டும் மரக்கொட்டாப்புளியால் மெல்லத் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் நார் அங்கேயே நசுங்கிவிடும், பிறகு எவ்வளவு முறுக்கியும் பயனில்லை. சாய்வுப் பலகையில் வைத்து, மழுங்கிய கத்தியால் நடுவிலிருந்து ஒரு முனைவரை சதையை வழியுங்கள், பிறகு திருப்பிப் போட்டு மறுபாதி. உடனே இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். ஒட்டிய சதை காய்ந்தால் நார் பழுப்பேறி மொடமொடத்துப் போகும்.

ஊறப்போட்டு அழுகவைத்தும் நார் எடுக்கலாம். வேலை குறைவுதான், ஆனால் நாற்றம் தாங்காது, நாரும் கறுக்கும். ஏரி, குட்டையில் மட்டும் ஊறப்போடாதீர்கள், அந்தச் சாற்றில் மீன் செத்து மிதக்கும்.

நல்ல வெயிலில் கொடியில் போட்டால் ஒரே நாளில் காயும். மலைமேல் மூடுபனி நாளில் காயாது, பூசணம்தான் பிடிக்கும். மடலைக் கீழே இறக்கிச் சீவுவதே மேல்.

காய்ந்த நாரைச் சிக்கில்லாமல் வாரி, 80 கிராம் வீதம் மூன்று பங்கு வையுங்கள். ஒவ்வொரு பங்கிலும் 15 மீட்டர் புரி, அதாவது கயிற்றின் ஒரு இழை, திரிக்க வேண்டும், ஏனென்றால் சேர்த்து முறுக்கும்போது நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உள்ளே போய்விடும். நாரில் லேசாகத் தண்ணீர் தெளித்து, மூன்றையும் தனித்தனியே, ஆனால் ஒரே பக்கமாக முறுக்குங்கள். பழைய நார் முடிவதற்கு ஒரு சாண் முன்னதாகவே புது நாரைச் சேர்த்துவிடுங்கள், இரண்டு இணைப்பு ஒரே இடத்தில் வரக்கூடாது. புரியைத் தளர்த்தினால் தானாகவே மடிந்து சுருள வேண்டும், அதுதான் போதிய முறுக்கு.

பிறகு மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குங்கள். புரி பிரிய முயல்வதும் கயிறு பிரிய முயல்வதும் ஒன்றையொன்று தடுத்துக்கொள்ளும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: ஒரு புரி தொய்வாக இருந்தால் அது மற்ற இரண்டின் மேல் சுற்றிக்கொண்டு சும்மா கிடக்கும். பாரமெல்லாம் அந்த இரண்டின் மேல் விழுந்து, கயிறு அங்கேதான் அறும். அதைத் தவிர்க்க, மூன்று பள்ளம் வெட்டிய கூம்புக்கட்டையைப் புரிகளுக்கு நடுவே செருகி, முறுக்கு முன்னேற முன்னேறப் பின்னால் நகர்த்துங்கள்.

முடிந்த கயிற்றை நனைத்து, இரண்டு கம்பங்களுக்கு இடையே விறைப்பாகக் கட்டிக் காயவிட்டு, கோணிச்சாக்கால் தேய்த்துப் பிசிறை நீக்குங்கள். தீவனக் கட்டுக்கும் பந்தலுக்கும் இது தாராளம். கிணற்றுத் தாம்புக்கு வேண்டாம்: ஓயாமல் ஈரத்தில் கிடந்தால் இந்த நார் இற்றுவிடும், அதற்குத் தேங்காய் நார்தான் சரி.