முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சாப்பாடு கொடுக்கும் ஆர்டரை வாங்குவது எப்படி?

"அக்கா, இதுக்கு அப்ரூவல் எங்க வாங்கணும்?" என்று கேட்டுக்கொண்டு தண்டையார்பேட்டையில் இருக்கும் என் மெஸ்ஸுக்கு அடிக்கடி யாராவது வருகிறார்கள். ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்தால் முத்திரை குத்திக் கையில் தந்துவிடுவார்கள் என்று நினைத்து வராதீர்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எல்லோருக்கும் பொது. அதற்கு மேல் உங்களை ஏற்றுக்கொள்ள வேண்டியது பணம் கொடுக்கிறவர். அது ஒரு முதியோர் இல்லமாக இருக்கலாம், மாற்றுத்திறனாளிகளின் பகல் நேர மையமாக இருக்கலாம், சவுகார்பேட்டைப் பக்கத்து அறக்கட்டளையாக இருக்கலாம், துபாயில் வேலை பார்க்கும் ஒரு மகனாகவும் இருக்கலாம்.

அரசே நிறையச் செய்கிறதே என்பார்கள். உண்மைதான். 2013-இல் ஆரம்பித்த அம்மா உணவகம் இருக்கிறது, ஆனால் அங்கே நடந்து போக வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த தாயுமானவர் திட்டத்தில் ரேஷன் பொருள் வீட்டுக்கே வருகிறது, ஆனால் வருவது அரிசியும் பருப்பும். அடுப்புக்கு முன்னால் நிற்க முடியாதவருக்கு அந்த அரிசியை யார் வடித்துக் கொடுப்பது? நமக்கு வேலை இருப்பது அந்த இடத்தில்தான்.

முதலில் காகிதங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நான் எடுத்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு மட்டும் போதும், கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். அதைத் தாண்டினால் உரிமம். வரம்பும் கட்டணமும் அவ்வப்போது மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் அன்றே தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 14 இலக்க எண் ஒன்று கிடைக்கும். அது பில்லிலும் இருக்க வேண்டும், சமையலறைச் சுவரிலும் இருக்க வேண்டும். புரோக்கருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள், மொபைலிலேயே முடிகிற வேலை. மாநகராட்சியின் தொழில் உரிமத்தை உங்கள் மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் மூன்றும் தனித்தனி மண்டலங்கள், மாற்றிப் போய் நிற்காதீர்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். ஜிஎஸ்டியை ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

சமைக்கிறவர், பரிமாறுகிறவர், கொண்டுபோகிறவர் எல்லோருக்கும் வருடத்துக்கு ஒரு மருத்துவச் சான்று வேண்டும், டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை கேட்பார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் அதைச் செய்கிறார்கள். லாரித் தண்ணீர், கேன் தண்ணீர், போர் தண்ணீர் என்று நம் பக்கத்தில் எல்லாம் கலந்து ஓடும், எதில் சமைக்கிறீர்களோ அந்தத் தண்ணீரைக் கொண்டுபோங்கள். அப்புறம் சிலிண்டர். வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரில் வியாபாரத்துக்குச் சமைப்பது சட்டப்படி தவறு. 19 கிலோ வணிக சிலிண்டர் வாங்குங்கள். பார்வையிட வருகிறவர் கண் முதலில் போவது அடுப்புக்குக் கீழேதான்.

பெரிய கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி பற்றிப் பலர் ஆசையாகக் கேட்கிறார்கள். கம்பெனி அந்த வேலையை வெளியே ஒப்படைப்பதென்றால், இந்த நிதியைக் கையாள மத்திய அரசிடம் பதிந்து சிஎஸ்ஆர்-1 எண் வாங்கிய அறக்கட்டளை, சங்கம் மாதிரி அமைப்புகளிடம்தான் ஒப்படைக்கும். 2021 ஏப்ரலிலிருந்து இதுதான் நடைமுறை. மெஸ் நடத்துகிற நாம் நேரடியாக அதற்குள் போக முடியாது. அந்த எண் வைத்திருக்கும் அறக்கட்டளைக்குச் சமைத்துக் கொடுப்பவராக, பில் போடுகிறவராகப் போகலாம். இதற்காக அவசரப்பட்டு சொந்தமாக ஒரு டிரஸ்ட் ஆரம்பிப்பது வீண் வேலை என்பது என் கருத்து. கணக்கு எழுதவே ஒரு ஆள் வைக்க வேண்டியிருக்கும்.

சரி, அறக்கட்டளையிலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் சமையலறைக்கு வந்த கமிட்டி அம்மா ஃபைலைத் தொடவே இல்லை. நேராக ஃபிரிட்ஜைத் திறந்து, மேல் தட்டில் என்ன, கீழ்த் தட்டில் என்ன என்று பார்த்தார். சமைத்தது மேலே, பச்சை மீனும் கறியும் கீழே இருக்க வேண்டும், அதன் தண்ணீர் சமைத்ததன் மேல் சொட்டக் கூடாது. அடுத்து தெர்மாமீட்டர் இருக்கிறதா என்றார். சூடாகக் கொடுக்கும் சைவ உணவு 65 டிகிரி, அசைவம் 70 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கு. சாம்பாருக்குள் விட்டுப் பார்க்கும் கம்பித் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்தான். கேரியரை மூடும்போது ஒரு தடவை, கடைசி வீட்டில் திறக்கும்போது ஒரு தடவை பார்த்து நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டுதான் உங்களுக்கு ஆர்டர் வாங்கித் தரும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக் கிடக்கும்போதும், எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போதும் சூடு எவ்வளவு இறங்கியது என்பது அதில் இருக்கும். கேட்டைத் தாண்டிப் போக வேண்டிய வீடுகளுக்கு நான் முதல் நடையிலேயே அனுப்பிவிடுகிறேன்.

இனி சாப்பாட்டைப் பற்றிப் பேசலாம். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். கல்யாணச் சமையல் கை இதற்கு ஆகாது. பல் இல்லாதவருக்குச் சோறு குழைய வேண்டும், ஆனால் கஞ்சியாகிவிட்டால் தட்டைத் தள்ளிவிடுவார். கீரையை நார் இல்லாமல் கடைய வேண்டும். முருங்கைக்காய் சாம்பாரில் காயை வழித்துச் சதையை மட்டும் போடுங்கள். காசிமேட்டுப் பக்கத்து ஆயாக்கள் மீன் இல்லாமல் சாப்பிட மாட்டார்கள், அவர்களுக்கு முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்துத்தான் அனுப்ப வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விலை ஏறும். அந்த இரண்டு மாதம் முட்டைக் குழம்பு என்று முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பக்கவாதம் வந்தவருக்கு விழுங்குவதில் சிரமம் இருந்தால் நீங்களாக முடிவெடுக்காதீர்கள். எவ்வளவு கெட்டி, எவ்வளவு மசியல் என்று டாக்டரோ ஸ்பீச் தெரபிஸ்டோ எழுதிக் கொடுக்கட்டும். தண்ணி ரசம்தான் எளிது என்று நினைப்போம். அவர்களில் பலருக்குப் புரை ஏறுவதே தண்ணீராக இருப்பதில்தான். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கீரையைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. இன்சுலின் போடுகிறவருக்குச் சோறு தாமதமானால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும், அவர் வீடுதான் முதல் வீடு. ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை வைத்து, என்ன கூடாது, எந்த நேரம், யாருக்குப் போன் என்று எழுதிச் சமையலறையில் மாட்டுங்கள்.

பாத்திரம் எவர்சில்வர் கேரியர்தான். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பையும் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் தமிழ்நாட்டில் தடை. ஒருவருக்கு இரண்டு கேரியர் வாங்குங்கள், ஒன்று போகும்போது ஒன்று வரும். கிளிப் இறுக்கமாக இருந்தால் மூட்டுவலிக்காரரால் திறக்க முடியாது. கடையிலேயே ஒரு கையால் திறந்து பார்த்து வாங்குங்கள். பார்வை இல்லாதவருக்குத் தினமும் ஒரே வரிசை: கீழே சோறு, நடுவில் குழம்பு, மேலே பொரியல்.

அரசு வாரியக் குடியிருப்புகளில் லிஃப்ட் இல்லாத பழைய பிளாக்குகள் இன்னும் உண்டு. மூன்றாவது மாடியில் இருக்கும் பாட்டி கயிற்றில் வாளியை இறக்குவார், கேரியரை வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று பையன்களுக்குத் தோன்றும். நான் விடுவதில்லை. ஏறிப் போய் முகத்தைப் பார்த்து, நேற்றைய கேரியரில் மிச்சம் இருக்கிறதா என்று திறந்து பார்த்து வர வேண்டும். இரண்டு நாள் சோறு அப்படியே திரும்பினால் குடும்பத்தாருக்குப் போன் செய்வோம். இதைச் செய்வதாக எழுதிக் கொடுங்கள், சாதாரண டெலிவரி ஆளுக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் கமிட்டிக்கு அங்கே புரியும். மாடிப்படிக்கான கூலியையும் விலையில் சேருங்கள். சமையல் செலவை மட்டும் பார்த்து விலை சொன்னவர்கள் சீக்கிரம் கடையைச் சாத்திவிட்டார்கள்.

ஒப்பந்தம் இரண்டு பக்கம் போதும். பணம் எந்தத் தேதிக்குள் வரும் என்பது இருக்க வேண்டும். ஒரு இல்லம் என்னை மூன்று மாதம் அலையவிட்டது, அதிலிருந்து பாதி முன்பணம் இல்லாமல் அரிசி களைவதில்லை. கதவு திறக்கவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது, ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டால் எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும் என்பதும் இருக்கட்டும். மழைக்கும் ஒரு வரி தேவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் பல தெருக்களில் வண்டி போக முடியவில்லை. அப்படிப்பட்ட நாளுக்காக அவல், பொட்டுக்கடலை மாவு, வாழைப்பழம், பிஸ்கட், தண்ணீர் பாட்டில் போட்ட ஒரு பையை அக்டோபரிலேயே ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்து வைத்துவிடுகிறேன். அதற்குத் தனி பில்.