கலிஃபோர்னியா மிடில் ஸ்கூல் இங்கிலீஷ் வகுப்பு: புதிதாக வரும் பெற்றோருக்கு

ஊரில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, பரீட்சைக்குப் பரீட்சை தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பிள்ளை. அதனால் இங்கே வந்து இறங்கியதும் கணக்கு, சயின்ஸ் பற்றித்தான் விசாரிக்கிறோம். "இங்கிலீஷா, அதெல்லாம் அவ பாத்துப்பா" என்று விட்டுவிடுகிறோம். தயவுசெய்து விடாதீர்கள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் வந்து சேரும் நம் பிள்ளைகள் முதலில் அடிபடுவது, நான் பார்த்தவரை, இந்த ஒரு வகுப்பில்தான். அவர்களுக்கு இங்கிலீஷ் வராமல் இல்லை. அங்கே எதைச் செய்து மார்க் வாங்கினார்களோ, அதையே இங்கே செய்யும்போதுதான் மாட்டிக்கொள்கிறார்கள். என் நெருங்கிய தோழியின் மகளுக்கு நடந்ததைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆபீஸ் வேலைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். வீட்டு முகவரிக்கு வாடகை ஒப்பந்தம், பிறப்புச் சான்றிதழ், பழைய மார்க் ஷீட், தடுப்பூசி விவரம், ஏழாம் வகுப்பு என்றால் டிடாப் (டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான் இருமலுக்கான தடுப்பூசி) போட்டதற்கான ஆதாரம். அட்மிஷன் படிவத்தோடு வீட்டு மொழி பற்றி நான்கு கேள்விகள் இருக்கும். தமிழ் என்று உண்மையை எழுதுங்கள். "இங்கிலீஷ்னு போட்டுடுங்க, டெஸ்ட் இருக்காது" என்று வாட்ஸாப் குழுவில் யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். வீட்டில் பேசும் மொழியை மறைக்க வேண்டிய எந்தக் கட்டாயமும் நமக்கு இல்லை. தமிழ் என்று எழுதினால் 30 நாட்களுக்குள் எல்பாக் என்ற தேர்வு வைப்பார்கள். கேட்பது, பேசுவது, படிப்பது, எழுதுவது என்று நான்கு பகுதி. முழு வாக்கியமாக, வாய்விட்டுப் பதில் சொல்லச் சொல்லி அனுப்புங்கள். கூச்சத்தில் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு வந்தால், நன்றாகப் படிக்கிற பிள்ளையையும் இங்கிலீஷ் கற்கும் மாணவர் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். அதற்கென்று தரும் தனி வகுப்பு பல பள்ளிகளில் இசை, ஓவியம் போன்ற விருப்பப் பாடத்தின் பீரியடை எடுத்துக்கொள்ளும். அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வர எல்பாக்கில் நான்காம் நிலை, ஆசிரியரின் மதிப்பீடு, பெற்றோருடன் ஆலோசனை, இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்த அதே வயதுப் பிள்ளைகளோடு அடிப்படைத் திறன் ஒப்பீடு என்று நான்கு படி ஏற வேண்டும்.

இனி வகுப்புக்கு வருவோம்.

முதல் வாரத்தில் ஒவ்வொரு டீச்சரும் ஒரு சிலபஸ் கொடுத்து, பெற்றோர் கையெழுத்து வாங்கிவரச் சொல்வார். நம் ஊர் சிலபஸ் போல எத்தனை ப்ரோஸ், எத்தனை போயம், சப்ளிமென்டரி எது என்கிற பட்டியல் அதில் இருக்காது. மார்க் எப்படிப் பிரிகிறது, தாமதமாகக் கொடுத்தால் எவ்வளவு குறையும், திரும்ப எழுத வாய்ப்பு உண்டா, எது காப்பி அடித்ததாகக் கருதப்படும், ஏஐ பயன்படுத்தலாமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். டீச்சருக்கு டீச்சர் மாறும். ஸ்கூல் டைரியில் கையெழுத்துப் போடுவது போலப் பார்க்காமல் போட்டுவிடாதீர்கள். பிள்ளையோடு உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள்.

என்ன கற்க வேண்டும் என்பது காமன் கோர் என்ற பாடத்தர வரையறையில் இருக்கிறது. கலிஃபோர்னியா 2010இல் இதை ஏற்றுக்கொண்டது. டெக்சாஸ் போன்ற மாநிலங்களுக்கு வேறு வரையறை உண்டு. படிக்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் மூன்று வருடப் படிக்கட்டு அதில் தெளிவாகத் தெரியும். ஒரு கதையைப் பற்றி என்ன சொன்னாலும் கதையிலிருந்தே ஆதாரம் காட்ட வேண்டும் என்பது ஆறாம் வகுப்பு. ஏழில் ஒன்று போதாது, பல ஆதாரங்கள் வேண்டும். எட்டில், இருப்பதிலேயே வலுவான ஆதாரம் எது என்று தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும். விவாதக் கட்டுரையும் அப்படித்தான். ஆறில் தன் கருத்தையும் காரணங்களையும் எழுதினால் போதும். ஏழில் எதிர்க்கருத்து இருப்பதை ஒப்புக்கொண்டு எழுத வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒரே அமர்வில் மூன்று பக்கமாவது டைப் செய்யப் பழகியிருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. டைப்பிங் தெரியாமல் வரும் பிள்ளைக்கு அதுவே பெரிய பாரம். பள்ளி திறக்குமுன் கோடையிலேயே பழக்கிவிடுங்கள்.

இலக்கணம், ஸ்பெல்லிங் பற்றி நமக்கு இருக்கும் பயம் இங்கே அவ்வளவு தேவையில்லை. வசந்த காலத்தில் நடக்கும் மாநிலத் தேர்வில் நீள் கட்டுரைக்கு நோக்கமும் அமைப்பும் 4, ஆதாரமும் விளக்கமும் 4, எழுத்துப் பிழை இலக்கணம் எல்லாம் சேர்த்து 2. நாம் எதற்கு உயிரைக் கொடுத்துப் படித்தோமோ அதற்குப் பத்தில் இரண்டுதான்.

தோழியின் மகள் கோயம்புத்தூரிலிருந்து ஏழாம் வகுப்பு நடுவில் வந்து சேர்ந்தாள். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கியவள். வந்த சில வாரங்களில் ஒரு விவாதக் கட்டுரை கொடுத்தார்கள்: பள்ளியில் செல்போனைத் தடை செய்யலாமா, கூடாதா. டீச்சர் இரண்டு கட்டுரைகள் கொடுத்து, அவற்றிலிருந்து ஆதாரம் எடுக்கச் சொல்லியிருந்தார். வகுப்பிலேயே கூகுள் டாக்ஸில் மூன்று பத்தி எழுதிவிட்டாள். சுமாரான பத்திகள்தான், ஆனால் அவளே யோசித்து எழுதியவை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவளுடைய அப்பா அதைப் படித்துப் பார்த்திருக்கிறார். "இது என்ன, எட்டாங் கிளாஸ் போற பொண்ணு எழுதற இங்கிலீஷா?" என்று சொல்லி, நெட்டில் இரண்டு மூன்று இடத்திலிருந்து நல்ல வாக்கியங்களாகப் பொறுக்கி, கொஞ்சம் தன் கையாலும் சேர்த்து, அப்படியே ஒட்டிவிட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நம் வீடுகளில் பிள்ளையின் பேச்சுப் போட்டிக்கு யார் எழுதிக் கொடுக்கிறார்கள்? அப்பா, அல்லது தமிழய்யா. பிள்ளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும், கைதட்டுவோம். நோட்ஸில் இருப்பதை வரி பிசகாமல் எழுதினால்தான் முழு மார்க். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த மனிதர்.

கூகுள் டாக்ஸில் வெர்ஷன் ஹிஸ்டரி என்று ஒன்று இருக்கிறது. எந்த நேரத்தில் என்ன மாறியது என்பதை டீச்சர் திறந்து பார்க்கலாம். பல நாட்களாகச் சொல் சொல்லாக, அழித்து அழித்து வளர்ந்த கட்டுரையில், ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு மேல் ஒரே நிமிடத்தில் நான்கு பத்திகள் வந்து விழுந்திருக்கின்றன. அதில் ஒரு வரியைத் தேடலில் போட்டால் மூலக்கட்டுரை முதலில் வந்து நிற்கிறது. சைபர் போட்டார்கள். வைஸ் பிரின்சிபாலிடமிருந்து வீட்டுக்குக் கடிதம் வந்தது, அவளுடைய ஃபைலிலும் குறிப்பு ஏறியது.

எனக்குக் கோபம் வந்தது எதற்கென்றால், வேறு ஊரிலிருந்து வந்து சில வாரங்களே ஆன பிள்ளைக்கு இங்கே எது தப்பு என்று ஒருவரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லவில்லை. சிலபஸில் ஒரு பத்தியாக அச்சடித்ததோடு பள்ளியின் கடமை முடிந்துவிட்டது. அவள் என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து கேட்டாள்: "ஆன்ட்டி, அங்க இப்படி எழுதுனாத்தானே மிஸ் வெரி குட் போடுவாங்க?" பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. அதன் பிறகு ரொம்ப நாள் வகுப்பில் அவள் கை தூக்கவே இல்லை. வகுப்பில் பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு என்பதால் அங்கேயும் இறங்கிக்கொண்டே போனாள்.

எனவே, கட்டுரையில் உங்கள் கை படக் கூடாது. கீபோர்டைத் தொடாதீர்கள். தப்பான வாக்கியத்தைப் பார்த்தால் "இதை வாய்விட்டுப் படிச்சுப் பாரு, சரியா இருக்கா?" என்று கேளுங்கள், அவளே திருத்துவாள். டீச்சர் கொடுத்த ரூப்ரிக்கை, அதாவது எதற்கு எவ்வளவு மார்க் என்று சொல்லும் தாளை, பக்கத்தில் வைத்து, "இதுல எதிர்க்கருத்து எங்க வருது, காட்டு" என்று கேளுங்கள். வேறொருவர் எழுதிய வரியை எடுத்தால் மேற்கோள் குறி போட வேண்டும், யார் எழுதியது என்று சொல்ல வேண்டும். கருத்தை மட்டும் எடுத்துத் தன் சொற்களில் எழுதினாலும் எங்கிருந்து எடுத்தது என்று சொல்லியே ஆக வேண்டும். நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது இந்த இரண்டாவதில்தான். நாலு சொல்லை மாற்றிவிட்டால் அது தன்னுடையதாகிவிடும் என்று நினைக்கிறார்கள். வாக்கியத்தையே திருத்தி எழுதித் தரும் செயலிகளுக்கும் டீச்சரிடம் அனுமதி கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டுரையைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே டாக்குமென்டில் எழுதட்டும். வேறு எங்கோ எழுதிக் கொண்டுவந்து ஒட்டினால், சொந்தமாக எழுதியதும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

சொந்தக் கருத்து எழுதுவது எப்படி என்று பிள்ளைக்குப் புரியவில்லையா? நான் செய்வதைச் சொல்கிறேன். சாப்பிடும்போது வடை திருடிய காக்கா கதையை எடுத்துக்கொள்வேன். ஊரில் கதை முடிந்ததும் நீதியை நாமே சொல்லிவிடுவோம், ஏமாறாதே என்று. இங்கே நீதியைப் பிள்ளைதான் கண்டுபிடிக்க வேண்டும், ஒருவர் சொல்வது போல இன்னொருவர் சொல்ல வேண்டியதில்லை. என் மகன் ஒருநாள் சொன்னான்: "நரி புத்திசாலி இல்லம்மா, காக்காவுக்குத்தான் யாராவது பாராட்டணும்னு ஏக்கம்." அது கருத்து. "எங்க இருக்கு, காட்டு" என்றேன். "நரி வடையைப் பத்திப் பேசவே இல்ல. உன் குரல் அழகா இருக்குன்னு சொன்னதும் வாயத் திறந்துடுச்சு." அது ஆதாரம். "அதனால?" என்றேன். "வாயத் திறந்தா வடை விழும்னு அதுக்குத் தெரியும். தெரிஞ்சும் திறந்துச்சுன்னா வடையவிடப் பாராட்டு பெருசாத் தெரிஞ்சிருக்கு." அது விளக்கம். ஏழாம் வகுப்பு இங்கிலீஷ் கட்டுரையின் ஒரு பத்தி இவ்வளவுதான். தமிழில் யோசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இங்கிலீஷில் எழுதுவது பின்னாலேயே வரும். "வீட்ல இங்கிலீஷ்லயே பேசுங்க, அப்பத்தான் மார்க் வரும்" என்பவர்களின் பேச்சைக் கேட்டுத் தமிழை நிறுத்திவிடாதீர்கள். என் பாட்டி சொன்ன கதைகள்தான் என் மகனுக்கு இந்த வகுப்பில் கைகொடுத்தன. அதில் எனக்குப் பெருமை உண்டு.

வகுப்பில் பேசுவதற்கும் வீட்டிலேயே பழக்குங்கள். வட்டமாக உட்கார்ந்து ஒரு கதையை விவாதிப்பார்கள். டீச்சர் சொன்னதை மறுத்தும் பேசலாம், ஆதாரம் இருந்தால் போதும். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வளர்த்த பிள்ளைக்கு இது எளிதில் வராது. முன்னதாகவே ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

படிப்பதற்குப் புத்தகம் வாங்காதீர்கள். பப்ளிக் லைப்ரரி அட்டை இலவசம், வந்த வாரமே எடுத்துவிடுங்கள். ஸ்பெல்லிங்கை அமெரிக்க முறைக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், ஒரு மாதத்தில் பழகிவிடும்.

இதையெல்லாம் மீறி கடிதம் வந்துவிட்டால் பதில் போடாமல் இருக்காதீர்கள். பயந்து சும்மா இருப்பதை அக்கறையில்லாததாக எடுத்துக்கொள்வார்கள். நேராகப் போய் கேட்டில் நிற்காமல், டீச்சருக்கும் பள்ளியில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலருக்கும் சேர்த்துச் சுருக்கமாக ஈமெயில் எழுதி நேரம் கேளுங்கள். மிஸ் என்று மொட்டையாக எழுதாமல் குடும்பப் பெயரோடு எழுதுங்கள். வெர்ஷன் ஹிஸ்டரியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எது பிள்ளை எழுதியது, எது ஒட்டியது என்று பிரித்துப் பேசுங்கள். ஊரில் எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லுங்கள், அது அவர்களுக்குத் தெரியாது. தண்டனையைக் குறைக்கச் சொல்வதைவிட, திரும்ப எழுத வாய்ப்புக் கேளுங்கள். தோழியின் மகளுக்கு அப்படித்தான் கிடைத்தது. மதிய இடைவேளைகளில் டீச்சர் முன்னால் உட்கார்ந்து எழுதி, பாதி மார்க் வாங்கினாள்.

கூட்டத்தில் இங்கிலீஷில் பேசத் தயக்கமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பள்ளி ஏற்பாடு செய்து தர வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. பிரச்சினையில் மாட்டியிருக்கும் பிள்ளையையே நடுவில் உட்கார வைத்து மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள்.