வண்ணாரப்பேட்டை மாடி ஆபீஸுக்கு எனர்ஜிபிளஸ் மாடல் போடுவது எப்படி

சென்னையில் பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் நம் சுவரை ஒட்டியே நிற்கும், எதிர் வீட்டுக்காரர் பால்கனியில் நின்று பேசினால் நம் அறைக்குள்ளே கேட்கும். அதனால் கட்டடத்துக்கு எவ்வளவு குளிர்ச்சியும் கரன்ட்டும் ஆகும் என்று கணக்கிடும் மென்பொருளான எனர்ஜிபிளஸைத் திறந்ததும் (அதற்கு முகப்பாக இருக்கும் ஓப்பன்ஸ்டுடியோ வழியாகப் போனாலும் சரி) ஏசியைத் தேடாதீர்கள், அக்கம்பக்கத்தை முதலில் வரையுங்கள். ஒட்டுச் சுவருக்கு அடியாபாட்டிக் (வெப்பம் கடக்காத சுவர்) என்று கொடுக்காவிட்டால் மென்பொருள் அதை வெயில் படும் வெளிச்சுவர் என்று எடுத்துக்கொண்டு, இல்லாத லோடை (ஏசி நீக்க வேண்டிய வெப்பத்தை) கூட்டிக் காட்டும். எதிர் வீட்டை ஷேடிங் சர்ஃபேஸாக (நிழல் தரும் பரப்பாக) நிறுத்துங்கள்.

இனி பகல் வெளிச்சம், அதாவது ஜன்னல் வெளிச்சம் போதுமானபோது லைட்டைக் குறைக்கும் டேலைட்டிங் கன்ட்ரோல். குறுகிய தெருவில் பாதி வெளிச்சம் எதிர்ச்சுவரில் பட்டுத்தான் வரும், ஆகவே வெயில் எப்படிப் பரவுகிறது என்று கணக்கிடச் சொல்லும் சோலார் டிஸ்ட்ரிபியூஷனில் 'வித் ரிஃப்ளெக்‌ஷன்ஸ்' உள்ள தேர்வை எடுங்கள். ஷேடிங் சர்ஃபேஸின் பிரதிபலிப்பு எதுவும் சொல்லாவிட்டால் 0.2 (படும் ஒளியில் 20 சதவீதம்) தான், வெள்ளையடித்த சுவருக்கு அது ரொம்பக் குறைவு, கூட்டிக் கொடுங்கள். வெளிச்சத்தை அளக்கும் ரெஃபரன்ஸ் பாயின்ட்டை மேசை உயரத்தில், சுமார் 0.8 மீட்டரில், ஆள் உட்காரும் இடத்தில் வையுங்கள், ஜன்னலோரமாக வைத்தால் அறை முழுக்க வெளிச்சம் என்று கணக்கு பொய் சொல்லும். டிம்மர் இல்லாத டியூப்லைட் என்றால் லைட்டைச் சீராக மங்கச் செய்யும் கன்டினியூயஸ் வேண்டாம், படிப்படியாக அணைக்கும் ஸ்டெப்டு போதும். அப்புறம், வடக்கு ஜன்னலில் வெயில் வராது என்று சன்ஷேடை விட்டுவிடாதீர்கள். நாம் 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறோம், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்துதான் நிற்கும்.

குளிரூட்டலுக்கு முதல் ஓட்டத்தில் ஐடியல் லோட்ஸ் (தேவையான குளிர்ச்சியை அப்படியே தரும் கற்பனை ஏசி), செட்பாயின்ட் (அறையில் வைக்க வேண்டிய வெப்பநிலை) 24 டிகிரி. அறைக்கு எவ்வளவு குளிர்ச்சி தேவை என்பது அதில் தெரிந்துவிடும், ஆனால் கரன்ட் கணக்கு வராது, ஈரப்பதத்தையும் நீங்கள் வேறெதுவும் சொல்லாதவரை 0.7 என்ற நிலையான விகிதத்தில் (மொத்தக் குளிர்ச்சியில் வெப்பநிலையைக் குறைக்கும் பங்கு) கழித்துவிடும். கடலோரப் புழுக்கத்துக்கு அது போதாது. ஸ்ப்ளிட் ஏசிக்கு நெருக்கமாக வேண்டுமானால் பிடிஏசி (ஒரே அறைக்கான ஏசி யூனிட்) வைத்து, டிஎக்ஸ் கூலிங் காயிலை (குளிர்பதனப் பொருளால் காற்றை நேராகக் குளிர்விக்கும் சுருளை) போட்டு, வெளிக்காற்றைப் பூஜ்யமாக்குங்கள்.

பிடிஏசி ஹீட்டிங் காயிலும் கேட்கும். நம்மூரில் எதற்கு ஹீட்டர்? இருந்தாலும் கேட்பதைக் கொடுக்கத்தான் வேண்டும்: ஒரு எலக்ட்ரிக் காயிலைப் போட்டு ஷெட்யூலில் வருடம் முழுக்கப் பூஜ்யம் வையுங்கள், ஹீட்டிங் செட்பாயின்ட்டை 10 டிகிரிக்கு இறக்குங்கள். இதைச் செய்யாமல் விட்டால் மார்கழி விடியற்காலையில் ஹீட்டர் ஓடியதாக ரிப்போர்ட் வரும்.

கடைசியாக டேலைட்டிங் கன்ட்ரோலை எடுத்துவிட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள். லைட் கரன்ட் மட்டுமல்ல, லைட்டின் சூடு சேர்வதால் கூலிங்கும் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையா, கன்ட்ரோல் அந்த சோனோடு (மாடலில் அந்த அறையோடு) இணையவே இல்லை.