கார்ட்ரிட்ஜ் சூடாக வேண்டும் என்று காத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள்

முள்ளில் தூசி, லெவல் பார்க்காத மேஜை, இதெல்லாம் ஏற்கெனவே எல்லோரும் சொல்லிவிட்டார்கள். புதிதாக டர்ன்டேபிள் (ரெக்கார்ட் பிளேயர்) வாங்கியவர்கள் இப்போது பிடித்துக்கொண்டிருப்பது 'வார்ம்-அப்': முள்ளைத் தாங்கி அதன் அதிர்வை மின்சாரமாக்கும் கார்ட்ரிட்ஜ் சூடானால்தான் சத்தம் நன்றாக வரும் என்பது. அதில் பாதி உண்மை. முள் இருக்கும் மெல்லிய தண்டின் அடியில் ஒரு சின்ன ரப்பர் இருக்கிறது. குளிரில் அது இறுகிவிடும், இறுகினால் ரெக்கார்டில் இருக்கும் பள்ளத்தின் வளைவுக்கெல்லாம் முள்ளால் ஈடுகொடுக்க முடியாமல் 'ஸ' வரும் இடமெல்லாம் சீறும். கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருளான காயிலில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. செம்பின் மின்தடை டிகிரிக்குச் சுமார் 0.4% கூடும், காயில் சில நூறு ஓம், எதிரே ஆம்ப்ளிஃபயர் பக்கத்து மின்தடை (லோடு) 47,000 ஓம். யார் காதுக்குக் கேட்கப்போகிறது?

குளிரில் எடையைக் கூட்டுவது

இதைப் பார்த்தால்தான் இன்னும் எரிச்சல் வருகிறது. குன்னூரில் ஒரு நண்பர், டிசம்பர் காலையில் வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டரோடு பாட்டுக் கேட்பவர். ஆடியோ டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜ் வைத்திருந்தார், அதன் முள் ரெக்கார்டை அழுத்த வேண்டிய எடை 1.8 முதல் 2.2 கிராம்தான். சீறுகிறதே என்று, அந்த எடையைக் கூட்டிக் குறைக்கும் கவுண்டர்வெயிட்டைத் தினமும் கொஞ்சம் திருகியிருக்கிறார், வெயில் ஏறி அறை சூடான பிறகு திரும்ப இறக்கவே இல்லை. நான் ஸ்கேல் வைத்துப் பார்த்தபோது 3 கிராமுக்குப் பக்கம். குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் தண்டு மேலே மடங்கி, கார்ட்ரிட்ஜின் அடிவயிறு ரெக்கார்டை உரசாத குறை. அந்த ரப்பர் பழைய நிலைக்குத் திரும்பாது. அவருக்கு முள்ளோடு போனது. டெனான் டிஎல்-103 மாதிரி முள் கழற்ற முடியாத ரகமாக இருந்தால் முழு கார்ட்ரிட்ஜும் போயிருக்கும். அறை 20 டிகிரிக்கு மேல் வரட்டும், ரெக்கார்ட் ஒரு பக்கம் ஓடட்டும், அப்புறம் எடையைத் தொடுங்கள்.

ஹேர் ட்ரையர், டேபிள் லேம்ப்

வேண்டவே வேண்டாம்.

கடைசிப் பள்ளத்தில் ஓடவிட்டு டீ போடப் போவது

சூடாகட்டும் என்று, பாட்டு முடிந்த பிறகு வரும் வெறும் பள்ளத்தில் முள்ளை விட்டுவிடுகிறார்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 2,000 சுற்று, பாட்டே இல்லாமல். எலிப்டிகல் (நீள்வட்ட நுனி) முள்ளுக்கு ஆடியோ டெக்னிகா சொல்லும் ஆயுளே சுமார் 300 மணி நேரம்.

சென்னையில் வார்ம்-அப்

மே மாதத்திலா? ஏசியை 18-ல் வைப்பவர்கள் மட்டும் இதைப் பற்றி யோசிக்கலாம்.

முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் ஒப்பிடுவது

ரெக்கார்டின் உள்பக்கம் போகப்போகப் பள்ளம் முள்ளைக் கடக்கும் வேகம் குறைகிறது, சத்தம் மாறத்தான் செய்யும். போதாததற்குக் குளிரில் ரெக்கார்ட் சுழலும் தட்டின் பேரிங் எண்ணெயும் கெட்டியாக இருக்கும், அந்தப் பழியும் கார்ட்ரிட்ஜ் மேல்தான் விழும். ஒரே பாட்டை ஆரம்பத்தில் ஒரு தடவை, ஒரு பக்கம் முழுக்க ஓடிய பிறகு ஒரு தடவை கம்ப்யூட்டரில் பதிவு செய்யுங்கள். எது எது என்று தெரியாதபடி வேறு யாரையாவது போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.