கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி: செய்திக்குழுக் கையெழுத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொருள்வாரியான செய்திக்குழுக்களில் எழுதி விவாதிக்கும் பழைய வலையமைப்பான யூஸ்நெட்டோடு கூகுள் குரூப்ஸ் 2024 பிப்ரவரியில் உறவை முறித்துக்கொண்டது. உலாவி வழியாகவே எழுதிப் பழகியவர்கள் அதன் பிறகு தண்டர்பேர்ட், பான், டின், ஸ்லர்ன் என்று ஏதாவதொரு செய்திக்குழு வாசிப்பானைத் தேட வேண்டியதாயிற்று. வாசிப்பானை நிறுவியதும் எல்லோருக்கும் கை பரபரப்பது கையெழுத்தை, அதாவது இடுகையின் முடிவில் வரும் பெயரும் பொன்மொழியுமான சில வரிகளை, அமைக்கத்தான். ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் ஒவ்வொரு இடுகையின் அடியிலும் அது தானே ஒட்டிக்கொள்ளும். அதில் பிழை இருந்தால் பிழையும் சேர்ந்தே ஒட்டிக்கொள்ளும். நாம் எழுதியதை மற்றவர்கள் திரையில் நாம் பார்ப்பதில்லை என்பதால், அந்தப் பிழை நம் கண்ணில் கடைசியாகத்தான் படும்.

பெரும்பாலான தொல்லைகளுக்கு வேர் ஒரே இடத்தில் இருக்கிறது. இடுகைக்கும் கையெழுத்துக்கும் நடுவே வரும் பிரிப்பு வரியில் இருக்க வேண்டியவை இரண்டு இடைக்கோடுகள், அவற்றை அடுத்து ஓர் இடைவெளி, அவ்வளவுதான். இணையத் தொழில்நுட்ப விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி வரிசையில் 2004-இல் வந்த 3676-ஆம் ஆவணமும் இந்த வழக்கத்தைக் குறிப்பிட்டு, வரிக்கடைசி இடைவெளி பற்றிய தன் விதியிலிருந்து அதற்குத் தனி விலக்கு அளிக்கிறது. பதில் எழுதும்போது கையெழுத்தை மேற்கோளிலிருந்து தானாக நீக்கும் வாசிப்பான்கள் தேடுவது இந்த வரியைத்தான். இடைவெளி விடுபட்டால் அது வெறும் இரண்டு கோடு. உங்கள் பெயரும் பொன்மொழியும் ஒவ்வொரு பதிலிலும் மேற்கோளாகத் தொங்கிக்கொண்டே போகும்.

இடைவெளியை யாரும் வேண்டுமென்றே தவறவிடுவதில்லை, அது திருடு போகிறது. என் கதையும் அதுதான். கோப்பைச் சேமிக்கும்போது வரிக்கடைசி வெற்றிடங்களை அழித்துவிடும்படி என் எடிட்டருக்கு நானே கட்டளையிட்டிருந்தேன். நிரல் எழுதுபவனுக்கு நல்ல பழக்கம், கையெழுத்துக் கோப்புக்குக் கேடு. மாதக்கணக்கில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் கோலோச்சிய காலத்தில் அந்த மென்பொருளே இடைவெளியை விழுங்கிவிடும். அதைச் சரிசெய்யவே தனியாக ஒரு துணை நிரல் புழக்கத்தில் இருந்தது என்றால் எரிச்சலின் அளவைப் புரிந்துகொள்ளலாம்.

இதற்கு நேர்மாறான தவறு, பிரிப்பு வரியை இருமுறை வைப்பது. க்னஸ் என்ற வாசிப்பான் அதைத் தானே சேர்த்துவிடும். டின்னில் சேர்ப்பதா வேண்டாமா என்று ஓர் அமைப்பு உண்டு. இது தெரியாமல் கோப்பின் தலையிலும் நாமே எழுதி வைத்தால் இரண்டு பிரிப்புகள் வந்து நிற்கக்கூடும்.

இதைவிட மோசமானது, பதிலை மேலே எழுதி, அதன் கீழே கையெழுத்தைப் போட்டு, அதற்கும் கீழே மேற்கோளை விடுவது. விதிப்படி நடக்கும் வாசிப்பானுக்குப் பிரிப்பு வரிக்குக் கீழே உள்ளதெல்லாம் கையெழுத்துதான். அடுத்தவர் பதில் எழுதினால் மேற்கோள் முழுவதும் காணாமல் போகும். கையெழுத்தின் இடம் இடுகையின் அடி, எப்போதும்.

'அன்புடன்', 'இப்படிக்கு' என்று முடிக்கும் வரிகளையும் கையெழுத்துக் கோப்புக்குள் அடைத்துவிடுபவர்கள் உண்டு. இது தேவையற்ற சோம்பல். விடைபெறும் வரி பேச்சின் பகுதி; பிரிப்பு வரிக்கு மேலே இருக்க வேண்டியது. கடிதத்தில் 'இப்படிக்கு' என்று எழுதுவதற்கு முன் ஒரு கணம் கை நிற்கும் இல்லையா, இங்கேயும் நிற்கட்டும். சண்டை போட்டு எழுதிய இடுகையின் முடிவில் 'முன்கூட்டிய நன்றிகளுடன்' என்று இயந்திரம் கும்பிடு போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நீளம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: நான்கு வரி, வரிக்கு 80 எழுத்து. 1995-இன் ஆர்எஃப்சி 1855 நெறிமுறையும் நான்கு வரியைத்தான் சொல்கிறது. எழுத்துகளால் வாளும் கோட்டையும் வரைந்து பக்கம் நிறைத்தவர்களைக் கேலி செய்வதற்கென்றே ஆல்ட்.ஃபேன்.வார்லார்ட் என்று ஒரு குழு இருந்தது.

ஒவ்வொரு முறையும் வேறு பொன்மொழி வர வேண்டும் என்ற ஆசையில் யூனிக்ஸ்காரர்கள், ஓட்டும்போதெல்லாம் ஏதாவதொரு பொன்மொழியைத் தரும் ஃபார்ச்சூன் நிரலைக் கையெழுத்தோடு இணைப்பார்கள். சிலர் கையெழுத்துக் கோப்பையே பெயரிட்ட குழாயாக, அதாவது ஒரு நிரல் எழுதுவதை இன்னொரு நிரலுக்குக் கடத்தும் கோப்பாக, மாற்றி, மறுமுனையில் ஒரு நிரலை ஓடவிடுவார்கள். அந்த நிரல் செத்துப்போனால் வாசிப்பான் குழாயின் வாயில் காத்துக்கொண்டு உறைந்து நிற்கும். டின்னில் இந்தச் சர்க்கஸ் தேவையில்லை. கோப்புக்குப் பதிலாக ஒரு கோப்புறையைக் காட்டினால் அதிலிருந்து ஏதாவதொன்றை அதுவே எடுத்துக்கொள்ளும். ஆனால் எதை எடுக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. இரங்கல் இடுகையின் அடியில் நகைச்சுவைத் துணுக்கு வந்து விழுந்தால் மன்னிப்புக் கேட்கப்போவது நிரல் அல்ல. க்னஸ் பயன்படுத்துபவர்கள் குழுவுக்கு ஒரு கையெழுத்து என்று பிரித்து வைக்கலாம். நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

சாக்.கல்ச்சர்.தமிழ் குழுவில் எழுதியவர்கள் ஒருகாலத்தில் ரோமன் எழுத்தில்தான் தமிழைத் தட்டெழுத வேண்டியிருந்தது. இன்று யுனிகோடில் கையெழுத்து வைக்கலாம். கோப்பு யூடிஎஃப்-8 என்ற யுனிகோடு குறியாக்கம், வாசிப்பான் அனுப்பும் குறியாக்கம் வேறு என்றிருந்தால் மட்டும் உங்கள் பெயர் மூன்று மூன்று பைட்டாக உடைந்து கிறுக்கலாகப் போய்ச் சேரும்.

பிஜிபி என்ற குறியாக்க மென்பொருள் மூலம் இடுகைக்குச் சான்றொப்பம் இடுபவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. இடுகையைப் படிக்கக்கூடியபடியே விட்டு ஒப்பமிடும் வெளிப்படை உரை முறையில் இடைக்கோட்டில் தொடங்கும் எந்த வரிக்கும் முன்னால் மேலும் ஒரு கோடும் இடைவெளியும் சேரும். பிரிப்பு வரி உருமாறிவிடும், பிஜிபி அறியாத வாசிப்பான் அதை அடையாளம் காணாது. கோப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும் இது நடக்கும்.

தொலைபேசி எண்ணைக் கையெழுத்தில் வைக்காதீர்கள். 1981-இல் எழுதப்பட்ட இடுகைகளே இன்றும் ஆவணக் காப்பகங்களில் கிடைக்கின்றன.

எல்லாம் அமைத்த பிறகு ஆல்ட்.டெஸ்ட் போன்ற சோதனைக் குழுவில் ஓர் இடுகை போட்டு, அதன் மூலப் பிரதியைக் கோப்பாகச் சேமித்து, வரி முடிவை டாலர் குறியாகக் காட்டும் கட்டளையில் திறந்து பாருங்கள். இரண்டாவது கோட்டுக்கும் டாலருக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரிந்தால் சரி.