ஓடுபாதைக்குள் அனுமதியின்றி நுழைதல்: விமானிகளின் பேச்சு எங்கே சறுக்குகிறது

2024 ஜனவரி 2, டோக்கியோவின் ஹனேடா விமான நிலையம். ஜப்பான் கடலோரக் காவல்படையின் டாஷ்-8 விமானத்துக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னது இவ்வளவுதான்: "நம்பர் ஒன், டாக்சி டு ஹோல்டிங் பாயின்ட் சி5." டாக்சி என்றால் விமானத்தைத் தரையில் ஓட்டிச் செல்வது. சி5 என்பது ஓடுபாதைக்கு வெளியே காத்திருக்கும் இடம். விமானி அதைச் சரியாகத் திருப்பியும் சொன்னார். ஆனால் சி5-ல் நிற்காமல் 34ஆர் ஓடுபாதைக்குள் போய் ஏறத்தாழ 40 வினாடி நின்றிருந்தார். அதே ஓடுபாதையில் இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 வந்து மோதியது. அதிலிருந்த 379 பேரும் வெளியேறித் தப்பினார்கள். டாஷ்-8-ல் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்தார்கள்.

"நம்பர் ஒன்" என்பது வரிசையில் நீங்கள் முதலாவது என்ற தகவல். உள்ளே போகலாம் என்ற அனுமதி அதில் கிடையாது. இந்த வகை விபத்துகளில் பெரும்பாலும் காதில் விழாமல் போவதில்லை பிரச்சினை. தகவலை அனுமதியாக எடுத்துக்கொள்வதுதான். ஓடுபாதைக்குள் சக்கரம் வைக்க அனுமதிக்கும் சொற்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: ஓடுபாதை எண்ணோடு சேர்ந்து வரும் "லைன் அப் அண்ட் வெயிட்" (ஓடுபாதைக்குள் போய்க் காத்திரு), "கிளியர்ட் ஃபார் டேக்-ஆஃப்" (புறப்படலாம்), "கிராஸ்" (கடந்து போ), "பேக்டிராக்" (ஓடுபாதையில் எதிர்த்திசையில் போ). அமெரிக்காவில் முன்பு "டாக்சி டு" என்று ஒரு ஓடுபாதையைச் சொன்னாலே வழியில் உள்ள மற்ற ஓடுபாதைகளைக் கடக்கலாம். 2010 ஜூன் 30 முதல் அது போய், ஒவ்வொன்றையும் கடக்கத் தனித்தனி அனுமதி வேண்டும் என்றானது.

எண்களின் வம்பு ஹனேடாவோடு தொடங்கவில்லை. 2000 மே 25 அன்று பாரிஸ் சார்ல் தெ கோல் நிலையத்தில் ஷார்ட்ஸ் 330 சரக்கு விமானத்துக்கு "லைன் அப்" அனுமதியோடு "நம்பர் டூ" என்றும் சொல்லப்பட்டது. அந்த விமானம் ஓடுபாதையின் நடுப்பகுதியில் வந்து சேரும் ஒரு டாக்சிவேயில் (ஓடுபாதைக்குப் போகும் இணைப்புப் பாதையில்) நின்றிருந்தது. கட்டுப்பாட்டாளரோ அது ஓடுபாதைத் தொடக்கத்தில் நிற்பதாக நினைத்திருந்தார். முதலாவதாகப் புறப்பட்ட எம்டி-83 ஜெட் விமானத்துக்கு அனுமதி பிரெஞ்சில் போனது. ஷார்ட்ஸ் விமானிகளோடு பேச்சு ஆங்கிலத்தில். ஷார்ட்ஸ் ஓடுபாதைக்குள் நகர்ந்தபோது, ஓடிவந்த எம்டி-83-ன் இறக்கை அதன் காக்பிட்டில் (விமானிகள் அறையில்) மோதி ஒரு விமானி இறந்தார். அலைவரிசையில் புரியாத மொழி ஓடிக்கொண்டிருந்தால் உங்களிடம் பாதிப் படம்தான் இருக்கிறது. "எனக்கு முன்னால் யார், எங்கே?" என்று கேட்காமல் நகரக் கூடாது.

1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு. புறப்பட ஓடிய கேஎல்எம் விமானம், அதே ஓடுபாதையில் இருந்த பான் ஆம் விமானத்தில் மோதியது. 583 பேரைக் கொன்ற இந்த விபத்தைப் பனிமூட்டத்தின் கணக்கில் எழுதிவிடுபவர்கள் அதிகம். பேச்சைக் கவனியுங்கள். கேஎல்எம் கேப்டன் புறப்பட இன்ஜின் வேகத்தைக் கூட்டத் தொடங்கியதும், வான்வழி அனுமதி (பறந்தபின் போக வேண்டிய பாதைக்கான அனுமதி) இன்னும் வரவில்லை என்று துணை விமானி தடுத்தார். கேப்டன் நிறுத்தினார். பிறகு வந்த வான்வழி அனுமதியில் "டேக்-ஆஃபுக்குப் பின் வலப்புறம் திரும்புக" என்ற தொடர் இருந்தது. அது பறந்தபின் போகும் பாதை மட்டுமே. அதைத் திருப்பிச் சொன்ன துணை விமானி "வி ஆர் நவ் அட் டேக்-ஆஃப்" (இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்) என்று முடித்தார். கோபுரம் "ஓகே" என்றது. தொடர்ந்து "காத்திருங்கள், கூப்பிடுகிறேன்" என்று கோபுரமும், "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்று பான் ஆம் விமானமும் ஒரே நேரத்தில் பேசியதால் கேஎல்எம் காக்பிட்டில் கீச்சென்ற சத்தம்தான் தெளிவாகக் கேட்டது. பான் ஆம் இன்னும் விலகவில்லையா என்று கேஎல்எம் காக்பிட்டில் இருந்த விமானப் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னார். முதல்முறை தடுத்த துணை விமானி இரண்டாம் முறை வாய் திறக்கவில்லை.

இன்றைய விதிகள் பல இங்கிருந்து வந்தவை. "டேக்-ஆஃப்" என்ற சொல்லைப் புறப்பாட்டு அனுமதி தரவோ அதை ரத்து செய்யவோ மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். மற்ற இடங்களில் "டிபார்ச்சர்". அலைவரிசையில் கீச்சுச் சத்தம் வந்தால், அதற்குள் ஒரு செய்தி மாட்டிக்கொண்டது என்று வைத்துக்கொண்டு "சே அகெய்ன்" (மறுபடி சொல்லுங்கள்) கேட்க வேண்டும்.

ஓடுபாதை சம்பந்தப்பட்ட எந்த உத்தரவுக்கும், முக்கியமாக "ஹோல்ட் ஷார்ட்"டுக்கு (ஓடுபாதைக்கு முன்னால் நில்), வெறும் "ரோஜர்" (கேட்டது) பதிலாகாது. ஓடுபாதை எண், கால்சைன் (விமானத்தின் அழைப்புப் பெயர்) இரண்டையும் சேர்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். இதுதான் ரீட்பேக். ஆனால் ரீட்பேக் சரியாக இருந்தால் தலைக்குள்ளும் சரியாக இருக்கிறது என்று நம்புவது இன்னொரு தவறு. 2025 பிப்ரவரி 25 அன்று சிகாகோ மிட்வே விமான நிலையத்தில் ஃபிளெக்ஸ்ஜெட் 560 என்ற தனியார் ஜெட்டின் முதல் ரீட்பேக் குழறியது. கட்டுப்பாட்டாளர் திருத்தினார்: 31 லெஃப்ட் ஓடுபாதையைக் கடந்து 31 சென்டர் ஓடுபாதைக்கு முன்னால் நில். இம்முறை ரீட்பேக் சரி. விமானம் மட்டும் நிற்காமல் 31 சென்டரைக் கடந்தது. இறங்க வந்த சவுத்வெஸ்ட் விமானம் மேலெழும்பித் தப்பியது. ரீட்பேக் ஒருமுறை உடைந்தாலே விமானத்தை நிறுத்தி, வரைபடத்தில் விரல் வைத்து இருவரும் ஒத்துக்கொண்ட பிறகே நகர வேண்டும்.

நியூயார்க் ஜேஎஃப்கே, 2023 ஜனவரி 13: அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 106 விமானத்துக்கு கிலோ என்ற டாக்சிவே வழியாக 31 லெஃப்ட் ஓடுபாதையைக் கடக்க அனுமதி. விமானிகள் கிலோவில் திரும்பாமல் ஜூலியட் என்ற டாக்சிவே வழியாகப் போய் 4 லெஃப்ட் ஓடுபாதையைக் கடந்தார்கள். அங்கே டெல்டா 1943 விமானம் புறப்பட ஓடிக்கொண்டிருந்தது. "கேன்சல் டேக்-ஆஃப்" என்ற குரல் கேட்டு அது நின்றது. டாக்சி செய்யும்போதே வேறு வேலைகளும் பார்த்ததில் கவனம் சிதறியதை விசாரணை காரணமாகச் சொன்னது. எடைக் கணக்கு, கணினியில் எண் பதிவது, கம்பெனியோடு பேச்சு எல்லாம் ஓடுபாதையை நெருங்கும்போது நிற்க வேண்டும். அவசரமானால் விமானத்தை நிறுத்திவிட்டுச் செய்யலாம்.

கோட்டருகே வந்ததும் செய்ய வேண்டியது சின்ன வேலை. மஞ்சள் ஹோல்டிங் கோட்டில் தொடர்கோடு உங்கள் பக்கம் இருந்தால் அனுமதி இல்லாமல் தாண்டக் கூடாது. எந்த ஓடுபாதை, என்ன அனுமதி என்று ஒருவர் சத்தமாகச் சொல்ல, மற்றவர் பெயர்ப்பலகையைப் பார்த்து உறுதிசெய்து, இருவரும் இரு பக்கமும் பார்க்க வேண்டும். சிவப்பு ஸ்டாப் பார் (ஓடுபாதைக்கு முன் குறுக்கே பதித்த விளக்கு வரிசை) எரிந்தால், வாய்மொழி அனுமதி இருந்தாலும் நின்று கேட்க வேண்டும். எரியவில்லை என்பது அனுமதி ஆகாது: ஹனேடாவில் அன்று ஸ்டாப் பார் பராமரிப்பில் இருந்தது. லைன் அப் ஆகி ஒன்றரை நிமிடம் தாண்டியும் கோபுரம் பேசாவிட்டால் நீங்களே கூப்பிடுங்கள். உங்களை மறந்திருக்கக் கூடும்.

தவறி நுழைந்துவிட்டதாகத் தெரிந்தால் ஓடுபாதையைக் காலி செய்து உடனே சொல்லுங்கள். பிறகு காக்பிட் குரல்பதிவைக் காப்பாற்ற நிறுவன நடைமுறைப்படி செய்யுங்கள். ஜேஎஃப்கே விமானம் அன்றிரவே லண்டனுக்குப் பறந்தது. அதன் கருவியில் 2 மணி நேரப் பதிவுதான் நிற்கும் என்பதால், இறங்குவதற்குள் அந்த உரையாடல் அழிந்துவிட்டது.