ஜிம்னாசியாடுக்குப் பிள்ளையை அனுப்பும் முன்

“எங்க பொண்ணு ஜிம்னாஸ்டிக்ஸ் பண்ணமாட்டாளே சார், அவ நீளம் தாண்டுறவ.” பல நாட்டுப் பள்ளி மாணவர்கள் மோதும் விளையாட்டு விழாவான ஜிம்னாசியாட் பற்றிச் சொன்னதும் ஒரு தாய் என்னிடம் இப்படித்தான் கேட்டார். பெயர் அப்படிக் குழப்புகிறது. ஜெர்மனியில் ‘கிம்னாசியம்’ என்றால் மேல்நிலைப் பள்ளி. பெயருக்கு வேர் அந்தப் பள்ளிதான். 1972-ல் தொடங்கிய சர்வதேசப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு, 1974-ல் ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் இதை முதன்முதலாக நடத்தியது. 2022-ல் பிரான்சின் நார்மண்டி, 2024-ல் பஹ்ரைன். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தனியாக 2021-ல் பெல்கிரேடிலும் 2023-ல் ரியோ டி ஜெனீரோவிலும் நடந்தது. தடகளம், நீச்சல், ஜூடோ, வில்வித்தை என்று பல விளையாட்டுகள் உண்டு.

இளையோர் ஒலிம்பிக்கும் இதுவும் ஒன்றல்ல. அங்கே அனுப்புவது ஒலிம்பிக் சங்கம். இங்கே போகிறவர்கள் பள்ளி மாணவர்கள். பள்ளியில் முழுநேரம் படிப்பதே அடிப்படைத் தகுதி. பயிற்சிக்கு நேரம் போதவில்லை என்று பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, தனித்தேர்வராக எழுதவைக்கும் பெற்றோரைப் பார்க்கிறேன். எந்த மேடைக்காக அந்தத் தியாகமோ, அந்த மேடைக்கே அதனால் போகமுடியாமல் போகலாம். வயதையும் பாருங்கள். நம் தேசியப் பள்ளிப் போட்டிகளில் 19 வயதுப் பிரிவு இருக்கிறது, ஜிம்னாசியாட் 18-க்கு உட்பட்டவர்களுக்கு. தேசியத்தில் தங்கம் வாங்கியவர் இங்கே வயது கடந்தவராக இருக்கக்கூடும்.

என்னை அதிகம் வருத்துவது போலி ‘இன்டர்நேஷனல்’கள்தான். வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு வரும். உங்கள் மகன் இந்திய அணிக்குத் தேர்வாகிவிட்டான், பக்கத்து நாட்டில் போட்டி, இவ்வளவு பணம் கட்டுங்கள் என்பார்கள். நகையை அடகு வைத்துக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் வந்திருப்பது இரண்டு மூன்று நாடு. மூவர்ணச் சட்டையும் பதக்கமும் கிடைக்கும், சான்றிதழைக் கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குக் காட்டும்போதுதான் செல்லாது என்று தெரியும். நேர்வழி நீளமானது. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறி, இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டி, அதற்குப் பின் தேர்வுப் போட்டி. எந்தத் தேர்வும் நடக்காமல் ‘தேர்வாகிவிட்டான்’ என்று யாராவது சொன்னால் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய சிக்கல், இனிஷியல். பள்ளிப் பதிவில் ‘செ. கவிதா’, பிறப்புச் சான்றிதழில் வெறும் ‘கவிதா’, ஆதாரில் ‘கவிதா செ’, பாஸ்போர்ட்டில் ‘கவிதா செல்வம்’. நமக்கு நாலும் ஒரே பிள்ளைதான். அடையாள அட்டை கொடுக்கும் வெளிநாட்டு மேசைக்கு நாலு பேர். அணிப் பட்டியலில் பெயர் வந்தபிறகு திருத்த ஓடாதீர்கள். மாவட்ட அளவில் ஜெயித்த வருடமே நான்கையும் ஒன்றாக்கிவிடுங்கள். சிறுவர் பாஸ்போர்ட் பொதுவாக 5 ஆண்டுதான் செல்லும். பல நாடுகள் இன்னும் 6 மாதமாவது மிச்சம் கேட்கும். ஐந்தாம் வகுப்பில் எடுத்ததை நம்பிப் பத்தாம் வகுப்பில் கிளம்ப முடியாது.

இருமல் மருந்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அம்மாக்கள் அன்போடு செய்யும் தவறு அது. கிளம்பும் முன் பிள்ளைக்குச் சளி. மருந்துக்கடையில் ஒரு சிரப். நம் நாட்டில் விற்கும் பல இருமல் சிரப்புகளில் மூச்சுக்குழாயை விரிக்கும் டெர்புடலின் என்ற மருந்து இருக்கிறது. சிலவற்றில் சால்புடமால். டெர்புடலின் ஊக்கமருந்துப் பட்டியலில் எப்போதும் தடை. சால்புடமாலை இன்ஹேலர் வழியே குறிப்பிட்ட அளவுக்குள் எடுக்கலாம், சிரப்பாகவோ மாத்திரையாகவோ கூடாது. மூக்கடைப்பு மாத்திரையில் வரும் சூடோஎஃபெட்ரினும் போட்டி நாளில் ஓர் அளவைத் தாண்டினால் மாட்டும். தெரியாமல் குடித்தேன் என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம், சிறுநீரில் இருப்பதை இல்லை என்று ஆக்காது. ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி, தேவைப்பட்டால் சிகிச்சைக்கான விலக்கு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஜிம்காரர் கொடுக்கும் புரோட்டீன் பவுடரில் அச்சிடாத பொருளும் கலந்திருக்கலாம். பதினாறு வயதுக்கு முட்டையும் கொண்டைக்கடலையும் போதும்.

நேரக் கணக்கையும் மறக்காதீர்கள். ரியோ நம்மைவிட எட்டரை மணி நேரம் பின்னால். நமக்குக் காலை 7 என்றால் அங்கே முந்தைய இரவு பத்தரை. போட்டிக்கு முந்தைய நாள் இறங்கி மறுநாள் ஓடச் சொன்னால் கால் ஓடாது.

போட்டி முடிந்த பிறகுதான் பெரியவர்கள் கண்ணைத் தளர்த்துகிறோம். 2017 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பசிபிக் பள்ளி விளையாட்டுகள் நடந்தன. அங்கே போன இந்தியக் கால்பந்து மாணவியர் சிலரை க்ளெனெல்க் கடற்கரையில் அலை இழுத்தது. ஒரு பிள்ளை வீடு திரும்பவில்லை. மைதானத்தில் மட்டுமா நம் பொறுப்பு? ஓய்வு நாளில் பிள்ளைகள் எங்கே போகிறார்கள், கூட யார், எத்தனை பேருக்கு எத்தனை ஆசிரியர், பெண்பிள்ளைகளுடன் பெண் ஆசிரியர் வருகிறாரா என்று அனுப்பும் முன்பே கேளுங்கள். கேட்பதால் யாரும் பெயரை நீக்கமாட்டார்கள்.

இதற்குப் பயந்து அறையிலேயே பூட்டி வைப்பதும் தவறுதான். பள்ளிகளின் இந்தப் போட்டிகளில் நாடுகளின் இரவு என்று ஒன்று நடப்பதுண்டு. அவரவர் ஊர் உடையும் ஆட்டமும் தின்பண்டமும் அங்கே கைமாறும். தோற்ற பிள்ளையும் அன்று சிரிக்கும். பெட்டியில் கோலாட்டக் குச்சி இரண்டு ஜோடியும் கடலைமிட்டாய் ஒரு பாக்கெட்டும் வைத்து அனுப்புங்கள்.